சுண்டெலி சிசிஎல்2 புரதம்: செல் நகரவில்லை, டி.என்.எஃப். மட்டும் ஏறுகிறது, ஏன்?

கேள்வி சுருக்கமாக இது. சுண்டெலியின் சிசிஎல்2 (மோனோசைட் என்னும் வெள்ளணுக்களைத் தன்னிடம் இழுக்கும் கெமோகைன் வகைப் புரதம்), ரீகாம்பினன்ட் வடிவம், ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது, 10 மைக்ரோகிராம் குப்பி. எலும்பு மஜ்ஜை செல்களை எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்து 7 நாள் வளர்த்து எடுத்த மேக்ரோபேஜ்கள். 5 மைக்ரான் துளையுள்ள ட்ரான்ஸ்வெல் (துளைச்சவ்வால் மேலறை, கீழறை என்று பிரிந்த தட்டு), கீழறையில் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் புரதம். 3 மணி நேரம் கழித்தும் எதுவும் இறங்கவில்லை. அதே புரதத்தை அதே செல்கள் மேல் 24 மணி நேரம் விட்டால் டி.என்.எஃப்., ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதங்கள் ஏறுகின்றன. புரதம் நல்லதா, கெட்டதா?

இந்த இரண்டு முடிவுகளை வைத்துப் புரதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. முதல் சோதனையில் கேட்கக் காதில்லாத செல்லிடம் பேசியிருக்கிறீர்கள். இரண்டாவதில் பேசியது பெரும்பாலும் சிசிஎல்2 இல்லை, அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த எண்டோடாக்ஸின் (ஈ.கோலையின் வெளிச்சவ்வு நச்சு, எல்.பி.எஸ். என்பதும் இதுதான்). குப்பியைத் தூக்கிப் போடுவதற்கு முன் கீழே உள்ளதைப் பாருங்கள்.

செல்லிலிருந்து தொடங்குவோம். சிசிஎல்2 வேலை செய்வது சிசிஆர்2 என்ற ஏற்பி வழியாக. சுண்டெலியில் அந்த ஏற்பி நிறைய இருப்பது லை6சி என்ற மேற்பரப்பு அடையாளப் புரதம் அதிகமாக உள்ள மோனோசைட்களில். மஜ்ஜையிலிருந்து அவை இரத்தத்துக்கு வெளியேறுவதே சிசிஆர்2 தயவில்தான். அந்த மோனோசைட் மேக்ரோபேஜாக முதிரும்போது சிசிஆர்2 குறைந்துவிடுகிறது. வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்த செல்லுக்கு வழிகாட்டி எதற்கு? ஆக 7 நாள் எம்-சிஎஸ்எஃப் கொடுத்து நீங்கள் செய்தது ஏற்பியை அணைக்கும் வேலை. போதாக்குறைக்கு, அந்த மேக்ரோபேஜ்கள் பெரியவை, தட்டில் அழுத்தமாக ஒட்டுபவை. அவற்றுக்கு 8 மைக்ரான் துளை கொடுப்பதுதான் வழக்கம். 5 மைக்ரான் என்பது மோனோசைட்டுக்கான அளவு. எல்.பி.எஸ். சிறிது பட்டாலும் மோனோசைட்டில் சிசிஆர்2 மளமளவென்று இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பஃபரிலோ மீடியத்திலோ எண்டோடாக்ஸின் இருந்தால் சோதனை தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது.

எனவே புதிதாக எடுத்த மஜ்ஜைச் செல்களையே பயன்படுத்துங்கள். மோனோசைட்டைப் பிரித்தெடுக்கும் கிட் வாங்கத் தேவையில்லை. ஒரு சுண்டெலியின் இரண்டு தொடை எலும்பு, இரண்டு கீழ்க்கால் எலும்பு போதும். சிவப்பணுக்களை ஏசிகே பஃபரில் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் வைத்து உடைத்து, 40 அல்லது 70 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, மஜ்ஜையை அப்படியே இன்சர்ட்டுக்கு (மேலறையாக அமையும் சிறு கிண்ணம்) 10 லட்சம் செல் வீதம் மேலறையில் போடுங்கள். எது நகர்ந்தது என்பதைப் பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களைச் சாயமிட்டு ஒவ்வொன்றாக எண்ணும் முறை) பிரித்துக்கொள்ளலாம். மோனோசைட்டின் அடையாளம்: சிடி11பி உண்டு, லை6ஜி இல்லை, லை6சி அதிகம். இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. அதே வெல்லில் இறங்கும் நியூட்ரோபில்கள் உள்கண்ட்ரோலாக நிற்கும். ஓய்வு நிலையிலுள்ள சுண்டெலி நியூட்ரோபிலுக்குச் சிசிஎல்2 பெரிதாக ஒன்றும் செய்யாது. மோனோசைட்டும் நியூட்ரோபிலும் சேர்ந்து ஒரே விகிதத்தில் இறங்கினால் நீங்கள் பார்ப்பது சிசிஎல்2 இழுப்பு இல்லை. நியூட்ரோபிலை அடையாளம் காண 1ஏ8 குளோன் ஆன்டிபாடி வாங்குங்கள். ஆர்பி6-8சி5 என்ற பழைய ஜிஆர்-1 ஆன்டிபாடி லை6ஜியோடு லை6சியையும் பிடிக்கும், குழப்பம்தான் மிஞ்சும்.

செல்லைத் தட்டிலிருந்து பிரிக்க ட்ரிப்சின் போட்டிருந்தால் அதுவும் கெடுதி. ஏற்பியின் வெளிப்பகுதியை அது வெட்டிவிடும்.

இனி குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தப் புரதத்தின் வரலாறு கொஞ்சம் சிக்கலானது. 1983-இல் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுண்டெலி 3டி3 செல்களுக்குக் கொடுத்தபோது தூண்டப்பட்ட மரபணுக்களில் ஒன்றுக்கு ஜேஇ என்று பெயர் வைத்தார்கள். கூடவே கிடைத்த கேசிதான் இன்றைய சிஎக்ஸ்சிஎல்1. மனித எம்சிபி-1 புரதம் 1989-இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. பிறகுதான் இரண்டும் ஓரினம் என்று தெளிந்து சிசிஎல்2 என்ற பொதுப்பெயர் வந்தது. ஆனால் இரண்டும் அச்சு அசல் இல்லை. முன்னொட்டு (சுரப்புக்கான சமிக்ஞைப் பகுதி) வெட்டப்பட்ட மனிதப் புரதம் 76 அமினோ அமிலம், சுண்டெலியுடையது 125. கூடுதலான 49-உம் வால் பக்கம், அதாவது கார்பாக்சில் முனையில். சுண்டெலிச் செல் அந்த வாலில் நிறையச் சர்க்கரைகளைச் சேர்க்கிறது. அதனால்தான் இயற்கையான சுண்டெலி சிசிஎல்2 ஜெல்லில் கணக்குக்குப் பொருந்தாமல் உயரே, 25 முதல் 30 கிலோடால்டன் பக்கம் ஓடுகிறது. ஈ.கோலையில் செய்ததில் சர்க்கரை இருக்காது.

விற்பனையில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று 125 அமினோ அமிலமும் உள்ள முழு வடிவம், ஏறத்தாழ 13.8 கிலோடால்டன். இன்னொன்று வாலை வெட்டிய 73 அமினோ அமில வடிவம், ஏறத்தாழ 8.5 கிலோடால்டன். உங்களுடையது எது என்று குப்பியோடு வந்த தாளில் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்பது முதலாவதில் சுமார் 7 நானோமோலார், இரண்டாவதில் சுமார் 12 நானோமோலார். யாரோ ஒரு கட்டுரையில் போட்ட நானோகிராமை அப்படியே எடுத்தால், தொடங்கும்போதே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வித்தியாசம். வால் வெறும் அலங்காரமும் இல்லை. பிளாஸ்மின் என்ற நொதி 104-ஆம் இடத்திலுள்ள லைசினில் அந்த வாலை வெட்டினால் புரதத்தின் இழுக்கும் திறன் கூடுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே இரண்டு வடிவங்களின் ஈடி50 (பாதி விளைவு தரும் அளவு) மதிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஆய்வு முடியும்வரை ஒரே வடிவத்தில், முடிந்தால் ஒரே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) நில்லுங்கள்.

பெயரில் ஏமாறுவதும் நடக்கும். சுண்டெலியில் சிசிஎல்12 என்று ஒன்று இருக்கிறது, எம்சிபி-5 என்பார்கள். வரிசை ஒற்றுமையில் மனித எம்சிபி-1க்கு மிக நெருங்கியது அதுதான், சுமார் 66%. அதுவும் சிசிஆர்2 வழியாகவே இயங்கும். எம்சிபி-3 என்கிற சிசிஎல்7-உம் அப்படியே. ஆர்டர் போடும்போது எண்ணைச் சரிபாருங்கள்.

வாலைவிடத் தலை, அதாவது அமினோ முனை, முக்கியம். என்னைக் கேட்டால் ஒரு கெமோகைனை வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் தகவல் அதன் முதல் அமினோ அமிலம் எது என்பதே. ஏற்பியை முடுக்கிவிடுவது நான்கு சிஸ்டீன்களுக்கும் முன்னால் தொங்கும் சிறு நுனி. மனித எம்சிபி-1-இல் 2 முதல் 8 வரையுள்ள எச்சங்களை (சங்கிலியிலுள்ள அமினோ அமிலங்களை) நீக்கினால் கிடைப்பது 7என்டி என்ற தடுப்பான். ஏற்பியின் வேலையைக் கெடுக்குமே தவிர அதை இயக்காது. முதல் 8-ஐயும் நீக்கிய 9-76 வடிவமும் தடுப்பானே. ஈ.கோலை தயாரிப்பில் ஆபத்து எதிர்ப்பக்கம்: புரதம் மெத்தியோனினில் தொடங்கும், அது அகற்றப்படாமல் தங்கிவிட்டால் நுனி ஒன்று நீண்டு திறன் குறையும். நுனியில் ஹிஸ்டிடின் டேக் (சுத்திகரிக்க உதவும் ஒட்டு) போட்ட சிசிஎல்2-ஐச் செல் நகர்வுச் சோதனைக்கு வாங்கவே கூடாது. டேக் வேண்டுமென்றால் வால் பக்கம் இருக்கட்டும்.

இயற்கையில் முதல் எச்சம் குளுட்டமின். அது வளைந்து பைரோகுளுட்டமேட்டாக மாறிவிடும். சின்ன மாற்றம்தான், ஆனால் பெரிய காப்பு. இரண்டாவது எச்சம் புரோலின் என்பதால், திறந்த குளுட்டமின் இருந்தால் டிபிபி4 என்ற நொதி முதல் இரண்டையும் கத்தரித்துவிடும். பைரோகுளுட்டமேட் இருந்தால் அதற்குப் பிடி கிடைக்காது. டிபிபி4 சீரத்தில் உண்டு. 10% கன்றுச் சீரம் கலந்த மீடியத்தில் காப்பில்லாத சிசிஎல்2-ஐ ஒரு நாள் வைத்துவிட்டு ‘வீரியம் இல்லை’ என்று சொல்வதில் பொருளில்லை. அழற்சியுள்ள திசுவின் கசிவுநீரில் மெட்டலோபுரோட்டியேஸ்களும் இருக்கும். அவை 4-ஆவதற்கும் 5-ஆவதற்கும் நடுவில் வெட்டி, இழுக்கும் புரதத்தைத் தடுக்கும் புரதமாக மாற்றிவிடும்.

இதையெல்லாம் எலைசா (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் முறை) காட்டாது. நுனி போனாலும், தவறாக மடிந்திருந்தாலும், ஆன்டிபாடி பிடிக்கும் பகுதி இருந்தால் எலைசா எண் கொடுக்கும். காட்டுவது நிறைமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்). கணக்கு எளிது. எதிர்பார்த்த எடையைவிட 131 டால்டன் கூடுதல் என்றால் மெத்தியோனின் தங்கிவிட்டது. 17 குறைவு என்றால் பைரோகுளுட்டமேட் ஆகிவிட்டது, நல்லது. இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகளும் உருவாகியிருந்தால் சேர்ந்து 4 டால்டன் குறையும். தயாரிப்பாளரிடம் அந்த லாட்டின் நிறைமாலை வரைபடத்தைக் கேளுங்கள். நல்லவர்கள் தயங்காமல் அனுப்புவார்கள்.

சொந்தமாகத் தயாரிக்க நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஈ.கோலையில் இது பெரும்பாலும் கரையாத திரளாகவே சேரும். 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் டிடிடி என்ற ஒடுக்கியோடு கரைத்து, பி.எச். 8 அளவில் ஒடுக்கப்பட்ட குளுட்டாத்தயோனும் ஆக்சிஜனேற்றப்பட்ட குளுட்டாத்தயோனும் உள்ள பஃபரில் சொட்டுச் சொட்டாக, குளிரறையில், நீர்க்கவிட வேண்டும். புரதத்தின் இறுதிச் செறிவு மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் சேர வேண்டிய சிஸ்டீன்கள், 11 உடன் 36-உம் 12 உடன் 52-உம், சேராமல் பக்கத்து மூலக்கூறோடு கைகோத்து வெண்மையாகத் திரிந்துவிடும். நுனியைச் சரியாகப் பெறச் சூமோ என்ற சிறு புரதத்தை முன்னால் இணைப்பது நல்ல வழி. சூமோ புரோட்டியேஸ் தன் அடையாளம் எதையும் விட்டுவைக்காமல் வெட்டும், அடுத்த எச்சம் புரோலினாக இல்லாதவரை. இங்கே அடுத்தது குளுட்டமின், தடையில்லை. பிறகு ஹெப்பாரின் அல்லது நேர்மின் அயனிப் பரிமாற்றப் பிரிப்புக் குழாய் (column), அதன்பின் எண்டோடாக்ஸின் நீக்கம். ஒரே ஒரு சோதனைக்காக இவ்வளவும் செய்வது வீண். ஆண்டுக்குச் சில மில்லிகிராம் தேவைப்படும் குழுவுக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

குப்பியைத் திறக்கும் முறையில் பலர் பாதிப் புரதத்தை இழக்கிறார்கள். 10 மைக்ரோகிராம் உலர் தூள் கண்ணுக்குத் தெரியாது. மூடியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் நம்மூர் ஈரக்காற்று உள்ளே வேர்த்துவிடும். ஒரு நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிவிட்டுத் திறங்கள். 0.1% பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) கலந்த கிருமியற்ற பிபிஎஸ் 100 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கரைசல். தாளில் தண்ணீரிலோ வேறு பஃபரிலோ கரைக்கச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம், நுரை வந்தால் புரதம் காற்றுக்கும் நீருக்கும் இடையிலான பரப்பில் சிதையும். மெல்லச் சாய்த்துச் சுவர்களை நனைத்து 15, 20 நிமிடம் விடுங்கள். பிறகு புரதம் ஒட்டாத வகை ட்யூப்களில் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு ட்யூப், ஒரு சோதனை. மிச்சத்தைத் திரும்ப உறையவைக்காதீர்கள். பனி சேராத வகை ஃப்ரீசர் தன்னைத்தானே அவ்வப்போது சூடாக்கிக்கொள்ளும், அதில் இதுபோன்ற கரைசல்களை வைக்கவே கூடாது. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் எந்த ஃப்ரீசருக்கு வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பிஎஸ்ஏ ஏன் என்றால், சிசிஎல்2 நேர்மின் மிகுந்த சிறு புரதம். நானோகிராம் செறிவில் பிளாஸ்டிக், கண்ணாடி இரண்டிலும் ஒட்டும். பிஎஸ்ஏ அந்தப் பரப்புகளை முன்கூட்டியே மூடிவிடும். பிஎஸ்ஏ இல்லாமல் மூன்று நான்கு முறை தொடர்நீர்ப்பு செய்தால், கடைசி ட்யூபில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பிருக்காது. ஆனால் சில தயாரிப்புகளில் தூளிலேயே பிஎஸ்ஏ இருக்கும், புரதத்தைப் போல் 50 மடங்கு எடைகூட. அதை பிசிஏ என்ற மொத்தப் புரத அளவீட்டு முறையில் அளந்தால் நீங்கள் அளப்பது பிஎஸ்ஏ. ஒளிர்சாயம் இணைக்கவும் அது உதவாது. அதற்குத் துணைப்புரதம் இல்லாத வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

நகர்வுச் சோதனைக்கு வருவோம். மீடியம்: ஆர்பிஎம்ஐ 1640, அதில் 0.5% பிஎஸ்ஏ, 10 முதல் 25 மில்லிமோலார் ஹெப்பிஸ். சீரம் வேண்டாம். டிபிபி4 போக, சி5ஏ போன்ற இழுப்புப் பொருள்களும் அதில் இருக்கும். பிஎஸ்ஏ எண்டோடாக்ஸின் குறைந்த தரமாக இருக்கட்டும், மலிவான பிஎஸ்ஏதான் பல ஆய்வகங்களில் ஒளிந்திருக்கும் எல்.பி.எஸ். ஊற்று.

நீங்கள் ஒரே ஒரு செறிவைப் போட்டதுதான் அடுத்த பிழை. கெமோகைனுக்கு விடைக்கோடு மணி வடிவம்: ஏறும், உச்சம் தொடும், இறங்கும். சிசிஎல்2-இன் உச்சம் பொதுவாக மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் 100 நானோகிராமுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். 500-இல் ஏற்பிகள் நிரம்பி உள்வாங்கப்பட்டுவிடும். துளைக்கு எந்தப் பக்கம் அதிகம் என்று செல்லால் பிரித்தறிய முடியாது. 500-இல் நகரவில்லை என்பது நல்ல புரதத்திலும் நடக்கும்.

நீர்ப்பு வரிசையை இப்படிப் போடலாம். 2.991 மில்லிலிட்டர் மீடியத்தில் கரைசல் 9 மைக்ரோலிட்டர் விட்டால் 3 மில்லிலிட்டர், செறிவு 300 நானோகிராம். அதிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து 2 மில்லிலிட்டர் மீடியத்தில், அது 100. அப்படியே தொடர்ந்தால் 33, 11, 3.7, 1.2. ஒவ்வொரு ட்யூபிலும் குறைந்தது 2 மில்லிலிட்டர் மிஞ்சும், 600 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று வெல்லுக்கு அது சரியாக இருக்கும். ஆறு செறிவுக்கும் செலவு ஒரே ஒரு 10 மைக்ரோலிட்டர் ட்யூப். மீதமுள்ள வெல்களில் வெறும் மீடியம் மூன்று. இருபுறமும் ஒரே செறிவு, 33 நானோகிராம், மூன்று; இதற்கு ட்யூபில் மிஞ்சிய 1 மைக்ரோலிட்டரை 3 மில்லிலிட்டர் மீடியத்தில் தனியே நீர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 24 வெல், 2 கோடியே 40 லட்சம் செல். ஒரு சுண்டெலியில் தேறிவிடும்.

இருபுறமும் ஒரே செறிவு வைக்கும் அந்த மூன்று வெல்லை விட்டுவிடாதீர்கள். சிக்மண்டும் ஹிர்ஷும் 1973-இல் வகுத்த சதுரங்கக்கட்ட முறையின் மிகச் சிறிய வடிவம் அது. செறிவுச் சரிவு இல்லாமலேயே செல் இறங்கினால் அது திசையறிந்த நகர்வு இல்லை, வெறும் பரபரப்பு.

24 வெல் தட்டில் 6.5 மில்லிமீட்டர் இன்சர்ட்டுக்கு மேலறை 100, கீழறை 600 மைக்ரோலிட்டர். கீழறையை முதலில் நிரப்பி, இன்சர்ட்டைச் சாய்த்து இறக்குங்கள். அடியில் ஒரு குமிழி சிக்கினால் அந்த வெல் போயிற்று. தட்டை ஆட்டாமல் 37 டிகிரியில் 90 நிமிடம் முதல் 3 மணி நேரம். அதற்கு மேல் வைத்தால் சிறு புரதமான சிசிஎல்2 துளைவழி மேலேறிச் சரிவு மட்டமாகிவிடும். மோனோசைட்டும் பிளாஸ்டிக்கில் ஒட்டியதும் தானே சிசிஎல்2 சுரக்கத் தொடங்கும்.

முடிந்ததும் கீழறைத் திரவத்தை மட்டும் எண்ணினால் பாதி செல் காணாமல் போகும். துளையைத் தாண்டிய மோனோசைட் சவ்வின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கும் பழக்கமுள்ளது. கீழறையில் இடிடிஏவை 5 மில்லிமோலார் வருமாறு சேர்த்துப் பனிக்கட்டி மேல் 10, 15 நிமிடம் வைத்து, இன்சர்ட்டின் அடியைக் கழுவிச் சேர்த்து எண்ணுங்கள். சைட்டோமீட்டரில் எண்ணிக்கை மணிகள் சேர்த்தால் வெல்லுக்கு வெல் ஒப்பிட முடியும். போட்ட லை6சி மோனோசைட்டில் எத்தனை விழுக்காடு இறங்கியது என்று எழுதுங்கள். வெறும் மீடியத்தில் இறங்கியதைப் போல் எத்தனை மடங்கு என்ற குறியீட்டு எண்ணை மட்டும் கொடுத்தால், அடித்தள எண் 30 செல்லாக இருக்கும்போது 3 மடங்கும் 6 மடங்கும் தற்செயலாகவே வரும். ஒரே சுண்டெலியின் மூன்று வெல் ஒரு மாதிரிதான், மூன்று மாதிரி இல்லை.

நேர்மறைக் கண்ட்ரோலாகக் கூடுதல் வெல்களில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற இன்னொரு கெமோகைனை வையுங்கள், மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். மஜ்ஜை மோனோசைட்டில் அதன் ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4 இருக்கிறது. அதற்கும் நகரவில்லை என்றால் பழி செல் மீது அல்லது தட்டு மீது. எஃப்எம்எல்பி என்ற பாக்டீரியா வகைப் பெப்டைடைக் கண்ட்ரோலாக வைக்க ஆசைப்பட்டால், சுண்டெலியின் ஏற்பிக்கு அதன்மேல் பிடிப்புக் குறைவு. மனிதச் செல்லுக்குப் போடும் நானோமோலார் அளவு போதாது, மைக்ரோமோலார் வேண்டும். நகர்வு கிடைத்தபின் அது உண்மையில் சிசிஆர்2 வழிதானா என்பதற்கு மூன்று பூட்டுகள் உண்டு. செல்லுக்குப் பெர்டசிஸ் நச்சு, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், 2 மணி நேரம் முன்கூட்டிக் கொடுத்தால் ஜிஐ வழி (ஏற்பி தன் சமிக்ஞையை உள்ளே கடத்தும் ஜி-புரத வழி) அடைபடும். ஐஎன்சிபி3344 என்ற சிறு மூலக்கூறு சுண்டெலிச் சிசிஆர்2-ஐத் தடுக்கும். 2எச்5 குளோன் ஆன்டிபாடி சிசிஎல்2-ஐயே கட்டிப்போடும். முதலாவது ஜிஐ வழியில் இயங்கும் எல்லா ஏற்பிகளுக்கும் பொதுப்பூட்டு, அதை மட்டும் வைத்து சிசிஆர்2 என்று எழுத முடியாது.

அவசரமாகப் புரதத்தை மட்டும் சோதிக்க வேண்டுமானால் கால்சியம் அளவீடு போதும். செல்லில் ஃப்ளூவோ-4 ஏஎம் என்ற கால்சியம் காட்டும் சாயத்தை ஏற்றி, அடித்தளம் ஒரு நிமிடம் ஓடவிட்டு, சிசிஎல்2 விட்டால் சில நொடிகளில் உச்சம் வரும். அதே செல்லுக்கு உடனே இரண்டாம் முறை கொடுத்தால் வராது, ஏற்பி மரத்துப்போயிருக்கும். அப்போது சிஎக்ஸ்சிஎல்12 கொடுத்து வந்தால் செல் உயிரோடுதான் இருக்கிறது என்று பொருள். சுண்டெலி கைவசம் இல்லையென்றால் டிஎச்பி-1 என்ற மனித மோனோசைட் வகைச் செல்வரிசையிலும் பார்க்கலாம், சுண்டெலிப் புரதத்துக்கு அது மறுமொழி தரும். பல தலைமுறை வளர்த்த டிஎச்பி-1-இல் சிசிஆர்2 தேய்ந்திருக்கக்கூடும், முதலில் ஏற்பியைச் சாயமிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது புதிர், டி.என்.எஃப். எண்டோடாக்ஸின் தாளில் ‘மைக்ரோகிராமுக்கு 1 ஈ.யு.வுக்குக் கீழ்’ என்றிருக்கும். 1 ஈ.யு. (எண்டோடாக்ஸின் அலகு) என்பது சுமார் 0.1 நானோகிராம் எல்.பி.எஸ். உங்கள் 500 நானோகிராமில் அதிகபட்சம் 0.5 ஈ.யு., அதாவது மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம் எல்.பி.எஸ். மேக்ரோபேஜுக்கு அது சின்ன அளவு இல்லை, 24 மணி நேரத்தில் டி.என்.எஃப். சுரக்க அது போதுமானது. தாளில் உள்ள வரம்பை மீறாத, சட்டப்படி நல்ல புரதமே இந்தப் பொய் முடிவைத் தரும். தூண்டல் சோதனைக்கு 0.1 ஈ.யு.வுக்கும் கீழ், முடிந்தால் 0.01 ஈ.யு. தரம் தேடுங்கள். கரைத்தபின் உங்கள் கரைசலை, பஃபரோடும் பிஎஸ்ஏவோடும் சேர்த்தே, எல்ஏஎல் என்ற எண்டோடாக்ஸின் அளவீட்டு முறையில் அளந்துகொள்ளுங்கள். தெரிந்த அளவு எண்டோடாக்ஸினைச் சேர்த்து 50 முதல் 200 விழுக்காட்டுக்குள் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். கிடைக்காவிட்டால் புரதம் சோதனையை மறைக்கிறது, ‘எண்டோடாக்ஸின் இல்லை’ என்ற விடையை நம்ப முடியாது.

எல்.பி.எஸ்.ஸைக் கட்டிப்போடும் பாலிமிக்ஸின் பி, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், சேர்த்ததும் டி.என்.எஃப். விழுந்துவிட்டால் குற்றவாளி பிடிபட்டான். பலர் செய்யும் இன்னொரு சோதனை, புரதத்தைக் கொதிக்கவைத்து அதன்பின் விளைவு போகிறதா என்று பார்ப்பது. கெமோகைனுக்கு அதை நம்பாதீர்கள். இரண்டு டைசல்ஃபைடால் கட்டப்பட்ட சிறு புரதம் ஆறியதும் மறுபடி மடிந்துகொள்ளக்கூடும். கொதித்தபின்னும் விளைவு இருந்தால் எல்.பி.எஸ்.ஸா, மறுபடி மடிந்த சிசிஎல்2-ஆ என்று தெரியாது. அதைவிடத் தெளிவானவை மரபணுக் கண்ட்ரோல்கள். எல்.பி.எஸ்.ஸை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பி பழுதான சி3எச்/எச்இஜே சுண்டெலியின் செல்லில் டி.என்.எஃப். வரவில்லை என்றால் காரணம் எல்.பி.எஸ்.தான். சிசிஆர்2 நீக்கிய சுண்டெலியின் செல்லிலும் அதே அளவு வந்தால், அது எதுவாக இருந்தாலும் சிசிஎல்2 இல்லை.

அடுத்து இதை விலங்குக்குள் செலுத்தும் எண்ணம் இருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு இன்னும் சில செய்திகளும் கையில் இருக்கட்டும். வயிற்றறைக்குள் கொடுக்கும் அளவு ஆய்வுக்கு ஆய்வு 1 முதல் 10 மைக்ரோகிராம் வரை மாறுகிறது. 1 ஈ.யு. தரத்தில் 10 மைக்ரோகிராம் கொடுத்தால் கூடவே 1 நானோகிராம்வரை எல்.பி.எஸ். போகும். துணைப்புரதமாக மாட்டு அல்புமினைத் தவிர்த்துச் சுண்டெலி அல்புமின் போடுங்கள், திரும்பத் திரும்ப ஊசி போடும்போது விலங்கு மாட்டு அல்புமினுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். அதே அல்புமின், அதே பஃபர், சிசிஎல்2 மட்டும் இல்லாத ஊசி ஒரு குழுவுக்குக் கட்டாயம். ஊசி குத்தியதே சிறு அழற்சி உண்டாக்கும். வயிற்றறையை 5 மில்லிலிட்டர் குளிர்ந்த பிபிஎஸ்ஸும் இடிடிஏவும் கொண்டு கழுவி எடுத்து, மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு லை6சி மோனோசைட்டைத் தனியே எண்ணுங்கள். அங்கே குடியிருக்கும், எஃப்4/80 அடையாளமுள்ள மேக்ரோபேஜ்கள் மொத்த எண்ணில் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். 4 மணி நேரத்தில் நியூட்ரோபில் கூட்டம் வந்து நின்றால் மறுபடியும் எல்.பி.எஸ். மீது சந்தேகம்.

தட்டில் நன்றாக இழுத்த புரதம் உடலுக்குள் ஒன்றுமே செய்யாமல் போவதும் உண்டு. 2003-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு மூலக்கூறு இணையாகச் சேர முடியாதபடி 8-ஆம் புரோலினை அலனினாக மாற்றிய எம்சிபி-1 ட்ரான்ஸ்வெல்லில் இயல்பாகவே வேலை செய்தது, சுண்டெலியின் வயிற்றறைக்குள் செல்லை அழைத்துவரவில்லை. ஹெப்பாரன் சல்ஃபேட் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்ற முடியாத மாற்றுருவும் அப்படியே தோற்றது. இரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் குழாய்ச் சுவரில் அந்தச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் கெமோகைன் வழிகாட்ட முடியும்.

உங்கள் கையில் இருக்கும் குப்பியில் மிச்சம் இருந்தால், இந்த வரிசையில் போங்கள்: லாட்டின் நுனியும் வடிவமும் தாளில் பாருங்கள், கரைசலின் எண்டோடாக்ஸினை அளவிடுங்கள், புது மஜ்ஜையில் சிசிஆர்2 சாயமிடுங்கள், கால்சியம் பாருங்கள், பிறகு ஆறு செறிவில் நகர்வு. கால்சியம் வந்து நகர்வு வராவிட்டால் தட்டு அமைப்பில் பிழை. கால்சியமே வராமல் சிஎக்ஸ்சிஎல்12-க்கு மட்டும் வந்தால், அப்போது தயாரிப்பாளருக்கு எழுதுங்கள், லாட் எண்ணோடும் அந்தக் கால்சியம் வரைபடத்தோடும்.